நோயாராய்ச்சியும் அதற்குப் பொருள் வரும் வழிகளும்

ஒரு கல்லூரி ஜூபிலி காணும் வேளையில் அதன் கட்டடங்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் வென்ற கிண்ணங்களையும் எண்ணி மகிழ்வது இயல்பு. அவற்றுக்கெல்லாம் வேண்டிய பொருள் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஈழநாட்டு இந்துப் பாடசாலைகள் பல, செல்வர் கொடுத்த காணியினாலும், உலை வைக்கு முன் இல்லத்தரசியர் ஒதுக்கிய பிடியரிசியினாலும், பின்னர் அரசாங்கம் அளித்த உதவிப் பணத்தினாலும் வளர்ந்தவை. கொடுத்தவர் எவரோ, அவருடைய எண்ணம் பாடசாலையின் போக்கிலும் ஓரளவு படிந்தது. கல்விக்குப் பொருள் வேண்டும். பொருள் தருவோர் அக்கல்வி செல்லும் திசையையும் பெரும்பாலும் வகுத்து விடுகின்றனர்.

இவ்வுண்மை வைத்திய ஆராய்ச்சிக்கும் பொருந்தும். புதிய மருந்தொன்று கண்டுபிடிக்கப்பட்டதெனப் பத்திரிகையிற் படிக்கின்றோம். அதனை ஆராயப் பணம் கொடுத்தவர் யார், அவர் ஏன் கொடுத்தார், கொடாது விட்டவை எவை என்று நாம் கேட்பதில்லை. இக்கேள்விகளை ஒரு நோயை மாத்திரம் எடுத்துக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அந்நோய் மல்டிப்பிள் ஸ்கிளெரோசிஸ் என்பது. உலகெங்கும் அதனைச் சுருக்கமாக எம்.எஸ். என வழங்குவர். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்த அடிகளார் 1930களிற் சென்னையிலே கலைச்சொல் ஆக்கும் பணிக்குத் தலைமை வகித்தார். அப்பணி இடையறாது நடந்திருப்பின் இந்நோய்க்கும் யாவரும் ஏற்ற தமிழ்ப்பெயர் இந்நேரம் நிலைத்திருக்கும். இன்றோ பெயர் பலவாக உள்ளமையால், எம்.எஸ். என்ற பெயரையே இங்குக் கையாளுகின்றேன்.

நோயின் இயல்பு

மின்சாரக் கம்பியை றப்பர் உறை மூடியிருப்பது போல, நம் நரம்பிழைகளை மயலின் என்னும் கொழுப்புறை மூடியிருக்கின்றது. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தி, தன்னவர் பிறர் என்ற வேறுபாடு மறந்து அவ்வுறையைத் தாக்குவதே எம்.எஸ். நோயாகும். மூளையிலும் முள்ளந்தண்டு நாணிலும் பல இடங்களில் உறை அழிந்து தழும்பு தோன்றும். 'பலவிடத் தழும்பு' என்பதே அந்த அயல்மொழிப் பெயரின் பொருள். பாரிஸ் நகரில் ஷார்க்கோ என்னும் பேரறிஞர் 1868இல் இந்நோயைத் தெளிவாக வரையறுத்துக் காட்டினார்.

சாகாமத்து வயற்புறத்தில் வாழும் ஓர் இளைஞனை எண்ணிக்கொள்வோம். ஒரு நாள் அவனுடைய ஒரு கண் மங்குகின்றது. சில கிழமைகளில் தானாகவே தெளிகின்றது. கண்ணூறு என்று வீட்டார் தேற்றுகின்றனர். அடுத்த ஆண்டு கால்கள் மரத்துப் போகின்றன, அதுவும் குறைகின்றது. மூன்றாம் முறை வந்த தளர்ச்சி முற்றாக நீங்குவதில்லை. வந்து போதலும், போகும்போது சிறிது சேதத்தை விட்டுச் செல்லுதலும் இந்நோயின் பெரும்பான்மை இயல்பு. இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினரையே அது மிகுதியும் பற்றும். ஆடவரினும் பெண்டிரை இருமடங்குக்கு மேலாகப் பற்றும். இன்று உலகில் ஏறத்தாழ 29 இலட்சம் பேர் இதனோடு வாழ்கின்றனர் என்பது சர்வதேச எம்.எஸ். சம்மேளனத்தின் கணக்கு. கனடா, டென்மார்க் முதலிய குளிர்நாடுகளில் ஓர் இலட்சம் பேருக்கு 200 பேருக்கு மேற்பட்டோர் இந்நோயாளர். நம்முடைய வெப்ப நாடுகளில் அத்தொகை மிகக் குறைவு. இவ்வேற்றுமையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் வரும் செய்திகளுக்கு இதுவே அடிப்படை.

ஒரு தமக்கை கொடுத்த விளம்பரம்

ஷார்க்கோ நோயை வரையறுத்துப் பல்லாண்டு சென்ற பின்னும் அதனை ஆராயப் பணம் ஒதுக்குவார் அரியராகவே இருந்தனர். அந்நிலை மாறியது ஒரு தமக்கையின் அன்பினாலே. நியூயோர்க் நகரத்தில் வாழ்ந்த சில்வியா லோறி என்பவருடைய தம்பி இந்நோயால் வருந்தினார். கைவிரித்த வைத்தியர்களிடம் அலைந்து சலித்த அப்பெண்மணி, 1945 மே முதலாந் திகதி 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையில் ஒரு சிறு விளம்பரம் கொடுத்தார். எம்.எஸ். நோயிலிருந்து மீண்டவர் எவரேனும் உளரேல் தமக்கு எழுதுமாறு அதிற் கேட்டிருந்தார். ஐம்பதுக்கு மேற்பட்ட மறுமொழிகள் வந்தன. ஆனால், எழுதியோர் குணமடைந்தவர்கள் அல்லர். அவரைப் போலவே வழி தேடி அலைந்தவர்கள். அவர்களை ஒன்று கூட்டி 1946இல் அவர் தொடங்கிய சங்கமே இன்று அமெரிக்க தேசிய எம்.எஸ். சங்கமாக விளங்குகின்றது. இதுகாறும் அச்சங்கம் ஆராய்ச்சிக்கென அளித்த பொருள் 100 கோடி டொலருக்கு மேற்பட்டது. தொடக்க காலத்தில் அது பொருளுதவி செய்தோருள் எல்வின் கபற் என்ற அறிஞரும் ஒருவர். எம்.எஸ். நோயாளரின் முள்ளந்தண்டு நீரிற் காணப்படும் புரத மாற்றங்களைப் பற்றி அவர் ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியிற் பிறந்த சோதனை முறையின் வழிவந்ததே இன்றும் நோயை உறுதி செய்ய உதவுகின்றது.

அமெரிக்காவில் விதைத்த விதை பிற நாடுகளிலும் முளைத்தது. கனடாவில் 1948இலும் பிரித்தானியாவில் 1953இலும் இத்தகைய சங்கங்கள் எழுந்தன. 1967இல் அவையெல்லாம் சர்வதேசச் சம்மேளனமாக இணைந்தன. இணைப்பதில் முன்னின்றவரும் லோறி அம்மையாரே. இந்தியாவின் எம்.எஸ். சங்கம் 1985இல் தோன்றியது. இச்சங்கங்கள் பணம் திரட்டும் வழிகள் பல. இத்தாலியில் ஊர்ச் சதுக்கங்கள்தோறும் தொண்டர்கள் ஆப்பிட் பழம் விற்கின்றனர். அவுஸ்திரேலியாவிற் பள்ளிப் பிள்ளைகள் புத்தகம் படிக்க, படித்த அளவுக்கேற்ப உற்றார் பணம் கொடுக்கின்றனர். நம் பாட்டியரின் பிடியரிசிக்கும் இதற்கும் வேறுபாடில்லை. நோயாளரும் அவர்தம் உறவினரும் கொடுக்கும் பணத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. இலாபத்தையும் அரசியலையும் நோக்காது, நோயாளருக்கு எது தேவையோ அதனையே அது கேட்கும். மெல்ல மெல்ல முற்றிச் செல்லும் எம்.எஸ். வகைக்கு மருந்துகள் மிக அரியனவாயிருந்தமை கண்டு, பல நாட்டுச் சங்கங்கள் 2012 தொடங்கித் தம் பணத்தை ஒரே பையிற் சேர்த்து அவ்வகையை ஆராயச் செய்து வருவது இதற்கோர் எடுத்துக்காட்டு.

அரசாங்கத்தின் பங்கு

சங்கங்களின் பணம் எவ்வளவு தூயதாயினும் அளவிற் சிறியது. ஆண்டுதோறும் வற்றாது ஊறுவது அரசாங்கப் பணமே. இதனை லோறி அம்மையார் நன்கு உணர்ந்திருந்தார். அமெரிக்க மேற்சபை உறுப்பினரான சார்ள்ஸ் தோபி என்பவருடைய மகளுக்கும் இந்நோய் இருந்தது. அவருடைய துணையோடு சங்கம் பெருமுயற்சி செய்ததன் பயனாக 1950இற் சட்டம் நிறைவேறி, நரம்பு நோய்களுக்கும் குருட்டுத்தன்மைக்குமான தேசிய ஆராய்ச்சி நிலையம் அமெரிக்காவில் அமைந்தது. இன்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் எம்.எஸ். ஆராய்ச்சிக்கு ஆண்டொன்றுக்கு 10 கோடி டொலருக்கு மேற் செலவிடுகின்றன. 2009 முதலாக அந்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் வழியாகவும் தனியே பணம் ஒதுக்கப்படுகின்றது.

அரசாங்கப் பணத்தின் பயன் பொறுமை. ஓர் உதாரணம் காட்டுவேன். எப்ஸ்டீன்–பார் என்னும் வைரசுக்கும் எம்.எஸ். நோய்க்கும் தொடர்பு உண்டென நெடுங்காலம் ஐயுற்றிருந்தனர். அமெரிக்கப் படையினர் ஒரு கோடி பேரிடம் இருபது ஆண்டுகளாகச் சேமித்து வைத்த இரத்தத்தைக் கொண்டு ஹார்வார்ட் அறிஞர்கள் இதனை ஆராய்ந்து, அவ்வைரசு தொற்றிய பின் எம்.எஸ். வருவதற்கான வாய்ப்பு 32 மடங்காகின்றது என 2022இல் வெளியிட்டனர். அவ்வாய்வுக்கு அமெரிக்க அரசாங்க நிறுவனமும், எம்.எஸ். சங்கமும், ஜெர்மானிய ஆராய்ச்சி நிதியமும் சேர்ந்து பொருள் கொடுத்தன. இருபது ஆண்டு காத்திருக்க வணிகர் எவரும் ஒருப்படார்.

கொம்பனிகளின் பங்கு

மூன்றாவது வழி மருந்துக் கொம்பனிகளின் முதலீடு. இதனை வெறுத்து ஒதுக்குதல் தகாது. ஆய்வுகூடத்திற் பிறந்த ஒரு பொருளை ஆயிரக்கணக்கான நோயாளரிடம் சோதித்து மருந்தாக்கி விற்பனைக்குக் கொண்டுவரப் பெரும் பணம் வேண்டும். அதனைத் துணிந்து இடுபவர் கொம்பனியாரே. 1993இல் இன்டெர்பெரான் பீற்றா என்னும் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் பின் இருபதுக்கு மேற்பட்ட மருந்துகள் வந்துவிட்டன. முன்னாளிற் சக்கர நாற்காலியில் முடிந்திருக்கக்கூடிய பலருடைய வாழ்வு இன்று நடமாட்டத்தோடு தொடர்கின்றது. இது சிறிய நன்மையன்று.

ஆயினும் கொம்பனியார் விதைக்கும் நிலம் பெரும்பாலும் பிறர் உழுத நிலமே. கிளட்டிராமர் என்ற மருந்தை எடுத்துக்கொள்க. இஸ்ரவேல் நாட்டின் வைஸ்மன் நிலையத்தில் மைக்கேல் சேலா, ரூத் ஆர்னோன், துவோரா தைத்தெல்பாம் ஆகிய மூவரும் 1960களில் அதற்கு வித்திட்டனர். அமெரிக்க அரசாங்கப் பணத்தால் நோயாளரிடம் அது சோதிக்கப்பட்டது. 1996இலேதான் அது விற்பனைக்கு உரிய மருந்தாயிற்று. மேலும், மருந்துகள் பல வந்தால் போட்டியினால் விலை குறையும் என்பர் பொருளியலார். இங்கு நிகழ்ந்ததோ நேர்மாறு. அமெரிக்காவில் முதன்முதல் வந்த எம்.எஸ். மருந்துகள் ஆண்டொன்றுக்கு 8,000 முதல் 11,000 டொலர் வரை விலையாயின. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அதே மருந்துகளின் விலை 60,000 டொலர் அளவுக்கு உயர்ந்தது.

கேட்கப்படாத கேள்வி

பொருள் தருபவரே கேள்வியையும் தெரிவு செய்கின்றார் என்பதற்கு றிற்றுக்சிமாப் என்னும் மருந்தின் வரலாற்றினும் தெளிவான சான்று வேறில்லை. குருதி சார்ந்த ஒருவகைப் புற்றுநோய்க்கென 1997இல் அனுமதி பெற்ற மருந்து அது. எம்.எஸ். நோயாளர் 104 பேரிடம் அதனைச் சோதித்தபோது மூளையிற் புதிய தழும்புகள் தோன்றுவது மிகமிகக் குறைந்தது. அம்முடிவு 2008இல் வெளிவந்தது. அடுத்து நிகழ வேண்டியது யாது? பெருந்தொகையினரிடம் சோதித்து எம்.எஸ். நோய்க்கும் அனுமதி பெறுதல். அது நிகழவில்லை. அம்மருந்தின் காப்புரிமைக் காலம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. அதனோடு நெருங்கிய உறவுடைய ஒக்ரெலிசுமாப் என்னும் புதிய மருந்தின் பக்கம் கொம்பனியின் பணம் திரும்பியது. 2017இற் புதிய மருந்து உயர்ந்த விலையோடு சந்தைக்கு வந்தது. பழைய மருந்து பயனற்றது என எவரும் காட்டவில்லை. பயனுடையதா என்று கேட்பதற்கே பணம் இல்லாது போயிற்று, அவ்வளவே.

அக்கேள்வியைக் கையில் எடுத்தவர்கள் சுவீடன் நாட்டு வைத்தியர்கள். அந்நாட்டு அரசாங்க ஆராய்ச்சிச் சபையின் பணத்தைக் கொண்டு 200 நோயாளரிடம் அவர்கள் நடத்திய பரீட்சையின் முடிவு 2022இல் வெளியாயிற்று. மற்றொரு வழக்கமான மருந்தைப் பெற்றவர்களுள் நூற்றுக்கு 16 பேருக்கு இரண்டாண்டில் நோய் மீண்டும் தாக்கியது. றிற்றுக்சிமாப் பெற்றவர்களுள் நூற்றுக்கு 3 பேருக்கே தாக்கியது. டென்மார்க்கிலும் நோர்வேயிலும் பழையதையும் புதியதையும் நேருக்கு நேர் ஒப்பிடும் பரீட்சைகளைப் பொதுப்பணமே நடத்தத் தொடங்கியது.

இது நமக்கென்ன என்று கேட்கலாம். இம்மருந்தின் ஒத்த வடிவத்தை இந்தியக் கொம்பனியொன்று 2007 முதலே குறைந்த விலையிற் செய்து வருகின்றது. செல்வ நாட்டு மருந்துகளை எட்டிப் பார்க்கவும் இயலாத நாடுகளின் நரம்பியல் வைத்தியர்கள் அதனையே நம்பியிருந்தனர். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் எம்.எஸ். நோய்க்கென ஒரு மருந்தேனும் நெடுங்காலம் இடம்பெற்றிருக்கவில்லை. 2023 யூலையில் மூன்று மருந்துகள் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று றிற்றுக்சிமாப். விண்ணப்பித்தது கொம்பனியன்று, சர்வதேச எம்.எஸ். சம்மேளனம். ஸ்கண்டினேவியப் பொதுப்பணமும் நோயாளர் சங்கங்களின் சிறுபணமும் சேர்ந்து ஆசிய நாட்டு ஏழை நோயாளிக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டன.

மங்களூர் காட்டும் வழி

பிறர் பணம் நமக்கும் சில வேளை பயன்படும். ஆனால் நமக்கே உரிய கேள்விகளைப் பிறர் கேட்கமாட்டார். இந்தியாவில் எம்.எஸ். நோய் மிக அரியது, ஓர் இலட்சத்துக்கு ஒருவர்க்கே உண்டு என்று ஒரு காலத்தில் எழுதினர். அக்காலப் பம்பாயில் வாழ்ந்த பார்சி வகுப்பாரிடையே எண்ணிய வைத்தியர்கள், அவர்களுள் ஓர் இலட்சத்துக்கு 20க்கு மேற்பட்டோர் நோயாளர் எனக் கண்டனர். பின்னர் மங்களூர் நகரில் வைத்தியர் லேகா பண்டித்தும் அவருடைய குழுவினரும் நகர மக்களிடையே கணக்கெடுத்து, ஓர் இலட்சத்துக்கு 8 பேர் அளவில் எம்.எஸ். நோயாளர் உளர் என 2014இல் வெளியிட்டனர். எண்ணாதவரையில் நோய் இல்லை என்றே தோன்றும். எண்ணத் தொடங்கிய பின்னரே நோயாளர் கண்ணிற் படுவர்.

இதனினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. எம்.எஸ். போன்றே கண்ணையும் முள்ளந்தண்டு நாணையும் தாக்கும் வேறொரு நோய் உளது. அதனைச் சுருக்கமாக என்.எம்.ஓ. என்பர். மேனாடுகளில் அது மிக அரிது. ஆசிய நாடுகளிலோ, எம்.எஸ். நோயாளரோடு ஒப்பிடுகையில் அதன் விகிதம் மிக அதிகம். வேறுபடுத்தி அறிய இரத்தச் சோதனை ஒன்று 2004இல் அமெரிக்காவிற் கண்டுபிடிக்கப்பட்டது. இவ்வேறுபாடு ஏட்டளவினதன்று. எம்.எஸ். நோய்க்கு நன்மை செய்யும் இன்டெர்பெரான் முதலிய சில மருந்துகள் என்.எம்.ஓ. நோயைப் பெருக்கும் இயல்பின. எனவே, சோதனையின்றி மேனாட்டு முறையை அப்படியே பின்பற்றினால், மருந்தே நோயாளிக்குப் பகையாகக்கூடும். மங்களூர்க் குழுவினர் அச்சோதனையைத் தம் ஆய்வுகூடத்திலேயே செய்யும் வழியை அமைத்துக்கொண்டமை இதனாலேயே போற்றத்தக்கது. 2021இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பொருளுதவியோடு நாடு தழுவிய நோயாளர் பதிவேடொன்றும் தொடங்கப்பட்டது. எம்.எஸ். நோயின் முதற் கேள்வியாக 'இது எம்.எஸ். தானா?' என்று கேட்பது ஆசியாவின் தேவை. அதற்கு ஆசியாவே பணமும் அறிவும் ஒதுக்க வேண்டியிருந்தது.

நாம் செய்யத்தக்கது

இலங்கை நாடு ஆராய்ச்சித் துறைகள் அனைத்துக்கும் சேர்த்துச் செலவிடும் பணம், நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆயிரத்தில் ஒரு பங்களவினது. இப்படிப்பட்ட நாடு எம்.எஸ். போன்ற அரிய நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப் புகுவது ஆகாத காரியம். ஆயினும் சிறிய நாடு நன்கு தெரிந்தெடுத்த கேள்வியைத் தொடர்ந்து கேட்டால் வெற்றி பெறலாம் என்பதற்கு நம் நாடே சாட்சி. 1934–35இல் இந்நாட்டில் மலேரியா பல்லாயிரம் உயிர்களைக் கொள்ளை கொண்டது. அரசாங்கம் விடாது ஒதுக்கிய பணமும், பிற்காலத்தில் உலக நிதியங்கள் தந்த உதவியும், காய்ச்சற்காரரின் இரத்தத்தை ஊரூராகச் சோதித்து எண்ணிய ஊழியரின் உழைப்பும் சேர்ந்ததனால், 2012இன் பின் உள்நாட்டில் ஒருவர்க்கேனும் அது தொற்றாத நிலை வந்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா நீங்கிய நாடென அறிவித்தது. அந்த வெற்றியின் வேர், எண்ணுதல்.

நரம்பு நோய்களுக்கும் நாம் முதலிற் செய்யத்தக்கது அதுவே. கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் முதலிய ஊர்களிலிருந்து நரம்பியல் வைத்தியரைக் காணக் கொழும்புக்கு இரவு முழுவதும் பயணம் செய்யும் நோயாளர் பலர். அவர்களுடைய நோய்க்குறிப்புகள் தனித்தனிக் கடதாசிகளாய்ச் சிதறிப் போகாது ஒரு பதிவேட்டிற் சேருமாயின், இப்பகுதியில் இத்தகையோர் எத்தனை பேர், அவருள் எம்.எஸ். எவர்க்கு, என்.எம்.ஓ. எவர்க்கு என்பன தெரியவரும். இதற்குக் கோடிக்கணக்கான பணம் வேண்டியதில்லை. ஒழுங்கும் ஊக்கமும் போதும். வளர்ந்துவரும் நாடுகளின் இளம் ஆராய்ச்சியாளர் வெளிநாட்டு ஆய்வுகூடங்களிற் பயிலுவதற்குச் சர்வதேச எம்.எஸ். சம்மேளனம் உதவித்தொகை அளித்து வருகின்றது. இக்கல்லூரி மாணவருள் வைத்தியத்தையோ விஞ்ஞானத்தையோ நாடுவோர் இத்தகைய வாய்ப்புகளை அறிந்திருத்தல் நன்று. பழைய மாணவருள் வசதி படைத்தோர், பரிசுக் கிண்ணத்துக்குக் கொடுப்பது போல, ஓர் ஆய்வு மாணவனின் செலவுக்கும் கொடுக்கலாம்.

நம் பகுதிக் கமக்காரர் இக்கட்டுரையின் பொருளை என்னினும் எளிதாக உணர்வர். குளத்து நீர் எல்லா வயலுக்கும் முறையாய்ப் பாயவேண்டுமென்று நாம் வட்டவிதானையாரை வைத்திருக்கின்றோம். கடைக்கோடி வயலுக்கும் ஒரு முறை உண்டு. உலகின் ஆராய்ச்சிப் பணத்துக்கோ வட்டவிதானையார் எவரும் இலர். மடைக்கு அருகில் உள்ளவன் வயலுக்கே அது பாய்கின்றது. கடைக்கோடியிலுள்ள நாம் வாய்க்காலைப் பார்த்து ஏங்கியிருப்பதில் பயனில்லை. சிறு துரவாயினும் நம் வயலில் நாமே தோண்டவேண்டும். வாய்க்கால் நீர் வருமிடத்து அதனை ஏற்கவும் வரம்பு கட்டி வைத்திருக்கவேண்டும்.

முதலிற் கூறிய சாகாமத்து இளைஞன் இன்னும் வைத்தியசாலை வாசலிற் காத்திருக்கின்றான். அவனுடைய கண் ஏன் மங்கியது என்ற கேள்விக்கு நியூயோர்க்கிலும் ஸ்டொக்ஹோமிலும் மங்களூரிலும் செலவான பணம் பாதி விடை தந்துவிட்டது. மறுபாதி விடையை அவனுடைய ஊரார்தாம் தேடவேண்டும். பிடியரிசியாற் பள்ளிக்கூடம் எழுப்பிய மரபினருக்கு அது இயலாத காரியம் அன்று.